பீரோவில் கிடக்கும் பிலிம் கேமரா: தூசி தட்டுவதிலிருந்து முதல் ரோல் கழுவி வரும் வரை

மதுரைப் பக்கம் பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு பழைய பிலிம் கேமரா தோல் உறைக்குள் கிடக்கும். எடுத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘இது ஓடாது’ என்று திரும்ப வைத்துவிடுகிறார்கள். அல்லது அன்றைக்கே ஒரு ரோலை வாங்கிப் போட்டு, சித்திரைத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ எடுத்துப் போய், ஒரு படம்கூட வராமல் ஏமாறுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பிலிமும் கழுவும் செலவும் இன்று மலிவில்லை. அதனால் முதல் ரோலைப் படம் பிடிப்பதற்கான ரோலாக எண்ணாமல், கேமராவைச் சோதிக்கும் ரோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், பிலிமே போடாமல் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன.

கையில் இருப்பது எந்தக் கேமரா

முதலில் பின்மூடியைத் திறந்து, எந்த அளவு பிலிம் போடும் கேமரா என்று பாருங்கள். திறக்குமுன், உள்ளே ஏற்கெனவே ரோல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ரிவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். எதுவோ பிடித்து இழுப்பதுபோல் இறுக்கமாக இருந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. கீழே ‘ரோலை எடுப்பதும் கழுவுவதும்’ பகுதியில் சொல்லியிருக்கும் முறையில் அதை முழுதாகச் சுற்றி எடுத்த பிறகே திறக்க வேண்டும். அந்தப் பழைய ரோலில் வீட்டார் படங்கள் இருக்கலாம், தூக்கிப் போடாதீர்கள்.

பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.10, யாஷிகா எஃப்.எக்ஸ்-3, மினோல்டா எக்ஸ்-300, கேனான் ஏ.இ-1, ரஷ்ய ஜெனித் ஆகிய எல்லாமே 35 மி.மீ. பிலிம் போடும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள், அதாவது லென்ஸ் காட்டுவதையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்து எடுப்பவை. இன்று எளிதாகக் கிடைக்கும் பிலிமும் இதுதான். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த யாஷிகா எம்.எஃப்-2வும் 35 மி.மீ. தான். ஆனால் அதில் போகஸ் மாற்ற முடியாது. பழகுவதற்கு அது போதாது, ரோல் போட்டு மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களுக்கு 120 பிலிம் வேண்டும். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் வரும். சில கோடாக் பிரௌனி கேமராக்கள் 620 பிலிம் கேட்பவை. அகலம் 120-க்குச் சமம்தான், ஆனால் சுருளின் தண்டு வேறு, அதனால் 120 ரோலை அப்படியே போட்டால் மாட்டாது. 110, 126 கார்ட்ரிட்ஜ் போடும் கேமராக்களைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள்.

இனி சொல்வதெல்லாம் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரை மனத்தில் வைத்துத்தான். புதிதாக ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு கே1000 அல்லது எஃப்.எம்.10. இரண்டிலும் பேட்டரி செத்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும், பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். ஏ.இ-1-லும் எக்ஸ்-300-லும் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையாது. ‘ஓடாத கேமரா’ என்று ஒதுக்கப்பட்டவற்றில் பல, புது பேட்டரி போட்டதும் ஓடிவிடும்.

பேட்டரி

கே1000-க்கு ஒரு எல்.ஆர்.44 பட்டன் செல், எஃப்.எம்.10-க்கும் எக்ஸ்-300-க்கும் இரண்டு. ஏ.இ-1-க்கு 6 வோல்ட் கொண்ட 4எல்.ஆர்.44. எல்.ஆர்.44 கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதே அளவில் எஸ்.ஆர்.44 கிடைத்தால் அதையே வாங்குங்கள். எல்.ஆர். செல்லின் வோல்டேஜ் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும், மீட்டரும் அதோடு சேர்ந்து தப்புக் காட்டும். எஸ்.ஆர். செல் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பிறகு சட்டென்று தீரும். கே1000-இல் மீட்டரை அணைக்கும் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடுவதுதான் அணைப்பது. மூடாமல் அலமாரியில் வைத்தால் செல் வீணாகும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் லேசாக நனைத்து உலோகத் தகட்டைத் துடையுங்கள், பொங்கி வரும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் பென்சில் ரப்பரால் தகடு பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். வினிகர் சொட்டச் சொட்ட ஊற்றினால் உள்ளே இறங்கி வேறு தொல்லை வரும்.

1970-களின் சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்யப்பட்டவை. அந்த செல் இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் செல் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் தப்பான அளவு காட்டும். அப்படிப்பட்ட கேமராவில் மீட்டரை மறந்துவிட்டு, கீழே சொல்லியிருக்கும் வெயில் கணக்கையோ போனில் இருக்கும் லைட் மீட்டர் செயலியையோ நம்புவது மேல்.

ஷட்டர்

இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, கேமராவை வெளிச்சமான ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். 1 நொடியில் தொடங்கி ஒவ்வொரு வேகமாக ஏற்றி, வைண்ட் லிவரை (பிலிமை நகர்த்தும் கைப்பிடி) இழுத்து, ஷட்டர் பொத்தானை அமுக்குங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் வெளிச்சம் தெரியும் நேரம் பாதிபாதியாகக் குறைய வேண்டும். 1/1000-இல் ஒரு மின்னல்போல் முழுச் சட்டமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளில், பின்னால் வந்து மூடும் இரண்டாவது திரை, திறந்துகொண்டு போகும் முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது. படத்திலும் அந்தப் பக்கம் கறுப்பாகவே வரும்.

கண்ணால் பார்ப்பது போதாது. போனில் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் நொடிக்கு 240 பிரேமில் இதையே வீடியோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1/30-க்கு 8 பிரேம், 1/60-க்கு 4 பிரேம், 1 நொடிக்கு 240. 1/30-இல் 8-க்குப் பதில் 12 வந்தால் ஷட்டர் மெதுவாகிவிட்டது என்று பொருள், அந்த வேகத்தில் எடுக்கும் படம் தேவைக்கு மேல் வெளிச்சம் வாங்கும். 1/250-க்கு மேல் இந்த முறையில் அளக்க முடியாது, அதைச் சோதனை ரோல்தான் சொல்லும்.

பல வருஷம் சும்மா கிடந்த கேமராவில் 1, 1/2, 1/4 போன்ற மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கிக்கொள்ளும். மசகு எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடுவதுதான் காரணம். ஐம்பது அறுபது முறை வெறுமனே அமுக்கிப் பாருங்கள், சில சமயம் தானாக இளகும். இளகாவிட்டாலும் வருத்தம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் 1/60-க்குக் கீழே இறங்க வேண்டிய தேவை குறைவு. ஆனால் எந்த நிலையிலும் தையல் மிஷின் எண்ணெயையோ துரு நீக்கும் ஸ்பிரேயையோ உள்ளே விடாதீர்கள். அது ஷட்டர் திரையிலும் அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) இதழ்களிலும் பரவி, ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்தும்.

பழைய சோவியத் கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஸோர்க்கி, ஃபெட் போன்றவற்றில் ஷட்டரை வைண்ட் செய்த பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். வைண்ட் செய்யாமல் திருப்பினால் உள்ளிருக்கும் பாகம் உடையலாம்.

துணித் திரை உள்ள கேமராவாக இருந்தால், இருட்டறையில் லென்ஸ் பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் திரையில் ஓட்டை இருக்கிறது. எஸ்.எல்.ஆரில் இந்தச் சோதனைக்குக் கண்ணாடி மேலே போயிருக்க வேண்டும், அல்லது அதன் ஓரத்தில் சாய்வாக டார்ச் அடிக்க வேண்டும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். அதன் முகத்தில் பூசியிருக்கும் பூச்சு துடைத்தாலே கீறும்.

வெளிச்சம் கசியும் இடங்கள்

பின்மூடி வந்து பதியும் பள்ளங்களில் கறுப்பு ஃபோம் ஒட்டியிருப்பார்கள். முப்பது நாற்பது வருஷத்தில், அதுவும் நம் ஊர் வெயிலில், அது உருகித் தார்போல் பிசுபிசுக்கும், அல்லது பொடிப்பொடியாக உதிரும். விரல் வைத்ததும் கறுப்பாக ஒட்டினால் மாற்றியே ஆக வேண்டும். படத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்ததுபோல் கோடு விழுவது பெரும்பாலும் இதனால்தான். அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள் சிலர். அது பூத்துவரும் இடம் நம் கையில் இல்லை, முகத்தின் மேலேயே விழும்.

மாற்றுவது வீட்டிலேயே ஆகும் வேலை. பல்குத்தும் குச்சியால் பழைய ஃபோமைச் சுரண்டி எடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். மிச்சப் பிசினைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். சுரண்டும்போது ஷட்டர் திரைமேல் துகள் விழாதபடி ஒரு காகிதத்தை அளவாக வெட்டி மூடிக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டும் பசையுள்ள 1.5 முதல் 2 மி.மீ. தடிமன் கறுப்பு ஃபோமைப் பள்ளத்தின் அகலத்துக்கு நறுக்கி ஒட்டுங்கள். குறுகலான பள்ளங்களில் தடித்த கறுப்புக் கம்பளி நூலை அமுக்கிவிட்டாலும் போதும். கீல் இருக்கும் பக்கத்தில்தான் அதிகம் கசியும், அங்கே அகலமான துண்டு வேண்டும். ஃபோம் தடிமன் கூடிப்போனால் மூடி சரியாகச் சாத்தாது, அல்லது ஓட ஓடத் தானே திறந்துகொள்ளும். அதையும் சாத்திப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலும் ஒரு ஃபோம் பட்டை உண்டு. அது பிசினாகிவிட்டால் கண்ணாடி ஒட்டிக்கொண்டு கீழே வராது. அதை மாற்றும்போது ஆல்கஹால் ஒரு சொட்டுகூட, கண்ணாடிக்கு மேலிருக்கும் போகஸ் திரையில் படக்கூடாது. அது பிளாஸ்டிக், மங்கிப் போகும்.

லென்ஸ்

லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. புகை படிந்ததுபோல் இருந்தால் எண்ணெய் ஆவி. நாலைந்து தூசித் துகள்கள் ஒன்றும் செய்யாது. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை இருந்தாலும் முதல் ரோலுக்குத் தடையில்லை. நடுவில் அடர்ந்திருந்தால் படம் சோகை பிடித்து வரும், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் இன்னும் மோசம். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

லென்ஸைத் திரும்ப மாட்டி, அப்பர்ச்சரை எஃப் 16-இல் (எஃப் எண் பெரிதானால் துளை சிறிதாகும்) வைத்து ஷட்டரை அமுக்கும்போது இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். தயங்கித் தயங்கி மூடினால் எண்ணெய் ஏறியிருக்கிறது. அப்படியானால் படங்கள் எல்லாம் வெளுத்து வரும். அதைச் சரிசெய்ய லென்ஸைப் பிரிக்க வேண்டும், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எந்த ரோல்

முதல் ரோலுக்கு ஐ.எஸ்.ஓ. (பிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்) 200 கலர் நெகட்டிவ் போதும். கோடாக் கோல்டு 200 அல்லது கலர்பிளஸ் 200. மதுரைப் பகல் வெயிலுக்கு 400 அதிகம்: நண்பகலில் எஃப் 16-இல் 1/500 வரை போக வேண்டியிருக்கும், பழைய கேமராவில் நம்பிக்கை குறைந்த வேகங்கள் அவைதான். மாலைக்கும் வீட்டுக்குள்ளும் எடுக்கத்தான் 400 வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஆசையுள்ளவர்கள் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் வாங்கலாம். ஆனால் அதைக் கழுவும் முறை வேறு, ரோலின் மேல் ‘சி-41’ என்று போட்டிருக்கும் கலர் ரோலோடு சேர்த்துக் கழுவக்கூடாது.

கேமராவோடு பையில் ஒரு பழைய ரோலும் கிடக்கலாம். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோலாகவே இருக்கலாம். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, அந்த ரோல் பத்திரப்படுத்த வேண்டிய பொருள். முதல் ரோலாக அதைப் போடாதீர்கள். படம் கெட்டால் கேமராவின் குறையா ரோலின் குறையா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

வாங்கிய ரோலைப் பிரிக்காமல் ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், குளிரோடு திறந்தால் வியர்த்துப் பிலிமில் நீர் படியும். ரோல் போட்ட கேமராவை வெயிலில் நிற்கும் காரிலோ பைக்கின் டேங்க் பையிலோ விட்டுப் போகக்கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு மதியம் போதும், நிறங்கள் கெட.

ரோல் ஏற்றுவது

வெயிலில் நின்று ஏற்றாதீர்கள், நிழலில் முதுகை வெயிலுக்குக் காட்டி நில்லுங்கள்.

1. ரிவைண்ட் குமிழை முழுதாக மேலே இழுத்தால் பின்மூடி திறக்கும்.
2. ரோலை இடப்பக்க அறையில், தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் முனை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, குமிழைக் கீழே அமுக்குங்கள். அமுங்காவிட்டால் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் பல் மாட்டிக்கொள்ளும்.
3. பிலிமின் நாக்கை வலப்பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். குறைந்தது ஒரு ஓட்டையாவது சுருளின் பல்லில் மாட்ட வேண்டும்.
4. வைண்ட் லிவரை ஒருமுறை இழுத்து, ஷட்டரை அமுக்கி, மறுபடி இழுங்கள். மேலேயும் கீழேயும் இரண்டு பக்க ஓட்டைகளும் பல்சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகே மூடியைச் சாத்துங்கள். இதற்காக ஒரு படம் அதிகமாகச் செலவானாலும் பரவாயில்லை.
5. ரிவைண்ட் கைப்பிடியை அம்புத் திசையில், தளர்ச்சி போகும்வரை மட்டும், மெதுவாகச் சுற்றுங்கள்.
6. இனி மேலிருக்கும் எண்ணி (படங்களை எண்ணும் கவுண்டர்) 1-ஐக் காட்டும்வரை வைண்ட் செய்து அமுக்குங்கள். ஒவ்வொரு முறை லிவரை இழுக்கும்போதும் இடப்பக்க ரிவைண்ட் குமிழ் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

ஆறாவதைச் சரிபார்க்காமல் போகிறவர்கள்தான் ‘36 படமும் வெறுமையாக வந்தது’ என்று புலம்புகிறவர்கள். எண்ணி நகர்வதால் பிலிம் நகர்கிறது என்று பொருளில்லை. லிவரை இழுத்தால் எண்ணி நகரும், உள்ளே பிலிம் சுருளிலிருந்து நழுவி அப்படியே நிற்கும். குமிழ் சுற்றுகிறதா என்பது மட்டுமே நம்பத்தக்க அடையாளம்.

கடைசியாக ஐ.எஸ்.ஓ. வட்டத்தை 200-இல் வையுங்கள். பழைய கேமரா ரோலைப் பார்த்துத் தானாக அறிந்துகொள்ளாது.

மதுரை வெயிலில் கணக்கு

மீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மனப்பாடமாக வேண்டும். நல்ல வெயிலில், அப்பர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ.வுக்குப் பக்கத்து எண். 200 ரோலுக்கு 1/250. மெல்லிய மேகம் என்றால் எஃப் 11, வானம் முழுக்க வெள்ளை மேகம் மூடி நிழல் தெரியாவிட்டால் எஃப் 8, மழை மேகம் கவிந்தால் எஃப் 5.6, வீட்டு வாசலின் திறந்த நிழல் என்றால் எஃப் 4. எல்லாம் அதே 1/250-இல்.

கலர் நெகட்டிவ் வெளிச்சம் அதிகமானால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி அதிகமாகக் கொடுங்கள் (ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி). இரண்டு படி அதிகமானாலும் படம் வரும். இரண்டு படி குறைந்தால் நிழல் எல்லாம் சேறாகும்.

மீட்டர் ஒன்றை மட்டும்தான் அறியும்: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் பெரியவரை மீட்டர் சொன்னபடி எடுத்தால் வேட்டி அழுக்காகவும் முகம் கரியாகவும் வரும், ஒரு படி திறக்க வேண்டும். கருங்கல் தூணை மட்டும் சட்டம் நிறைய வைத்து எடுத்தால் அது வெளுத்துவிடும், ஒரு படி மூட வேண்டும். இந்த ஊரில் அதிகம் ஏமாற்றுவது கோபுரம். கேமராவை அண்ணாந்து பிடித்ததும் வானம் பாதிக்கு மேல் வந்துவிடும், மீட்டர் வானத்தைப் படித்துக் கோபுரத்தைக் கறுப்பு நிழலாக்கும். கேமராவைத் தெருப்பக்கம் தாழ்த்தி, அதே வெயில் படும் கல்தரையில் மீட்டர் பார்த்து, அந்த அளவை மாற்றாமல் அண்ணாந்து எடுங்கள். தரை இல்லாத இடத்தில் உங்கள் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் காட்டி மீட்டர் பார்த்து, ஒரு படி திறங்கள்.

கிழக்குக் கோபுரத்துக்குக் காலை வெளிச்சம், மேற்குக் கோபுரத்துக்கு மாலை வெளிச்சம். சித்திரை வீதியில் நின்றபடி 50 மி.மீ. லென்ஸில் முழுக் கோபுரம் அடங்காது, தள்ளிப் போக வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, வெளி வீதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் மகாலில் முற்றத்து வெயிலுக்கும் தூண் வரிசையின் நிழலுக்கும் நாலைந்து படி வித்தியாசம் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்றால் நிழலுக்கு மீட்டர் பாருங்கள், வெயிலை நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போன்ற நெரிசலில் ஒவ்வொரு முறையும் போகஸ் செய்ய நேரம் கிடைக்காது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து 5 மீட்டரில் நிறுத்தினால் 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர்வரை தெளிவாக இருக்கும். கண்ணில் வைத்து அமுக்குவது மட்டும்தான் மிச்சம். இது திறந்த வெளிச்சத்துக்குத்தான். கூரைக்கு அடியில் எஃப் 11 கட்டுப்படியாகாது. டியூப் லைட் எரியும் டீக்கடைக்குள் 400 ரோலில்கூட எஃப் 2.8, 1/30 தேவைப்படும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60 பாதுகாப்பான எல்லை. 1/30-க்குத் தூணில் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டு அமுக்குங்கள்.

சோதனை ரோல்

ஒரு சிறு நோட்டு, பேனா. ஒவ்வொரு படத்துக்கும் எண், இடம், வேகம், அப்பர்ச்சர். இது இல்லாமல் எடுத்த சோதனை ரோலால் பயனில்லை.

முதல் மூன்று படங்கள் நல்ல வெயிலில் ஒரே சுவரை: 1/1000 எஃப் 8, 1/500 எஃப் 11, 1/250 எஃப் 16. அடுத்த மூன்று திறந்த நிழலில் ஒரே சுவரை: 1/125 எஃப் 5.6, 1/60 எஃப் 8, 1/30 எஃப் 11. ஒவ்வொரு மூன்றும் தங்களுக்குள் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். வராத வேகம் எதுவோ அதில்தான் கோளாறு.

அடுத்து போகஸ். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பு மறைந்துவிடும். எஃப் 2-க்கு வெயில் ஆகாது, நிழலில் 1/1000 வைத்து எடுங்கள். வரிசையாக நிறுத்திய சைக்கிள்களில் மூன்றாவதன் மணியில் போகஸ் செய்து, 1 மீட்டர் தூரத்திலிருந்து ஒன்று, 3 மீட்டரிலிருந்து ஒன்று. படத்தில் மூன்றாவது மணிதான் கூர்மையாக இருக்க வேண்டும். தொலைவுக்கு, ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையின் முகட்டை, சூரியன் இறங்கிய பிறகு, லென்ஸை முடிவிலிக் குறியில் நிறுத்தி எடுங்கள். முகடு மங்கினால் லென்ஸோ கண்ணாடியோ இடம் மாறியிருக்கிறது.

பிறகு மீட்டர். வீட்டில் ஒருவரை நிழலில் உட்கார வைத்து, மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு படி குறைத்து ஒன்று, ஒரு படி கூட்டி ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று. இந்த நான்கும் உங்கள் மீட்டரைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும்.

மிச்சமுள்ள இருபதுக்கு மேற்பட்ட படங்கள் உங்களுடையவை. தெப்பக்குளக் கரை, கீழக்குயில்குடி சமணர் மலை, வீட்டு மொட்டைமாடி, எங்கு வேண்டுமானாலும். ஆனால் ரோலை மாதக்கணக்கில் கேமராவுக்குள் வைத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்தில் முடியுங்கள்.

ரோலை எடுப்பதும் கழுவுவதும்

36-இலோ 37-இலோ லிவர் இறுகும். பலம் கொடுத்து இழுத்தால் பிலிம் கிழியும், அல்லது ரோலின் உள்முனையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அப்படிப் பிடுங்கிக்கொண்டால் வெளிச்சத்தில் திறக்கவே கூடாது. சரியான முறை: கேமராவின் அடியில் இருக்கும் சிறு பொத்தானை அமுக்கி, ரிவைண்ட் கைப்பிடியை விரித்து அம்புத் திசையில் ஒரே சீராகச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு சிறு இழுப்பும், உடனே கைப்பிடி லேசாவதும் தெரியும். அதற்கு மேலும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டே மூடியைத் திறங்கள்.

பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் முதலில் விசாரியுங்கள். ஊரில் வழியில்லை என்றால் சென்னை, பெங்களூரு, மும்பையில் கூரியரில் ரோல் வாங்கிக் கழுவித்தரும் லேப்கள் இருக்கின்றன. அனுப்புமுன் மூன்று கேளுங்கள்: ஸ்கேன் எத்தனை பிக்சல் அளவில் வரும், நெகட்டிவைத் திருப்பி அனுப்புவார்களா, தானாக நிறம் திருத்தாமல் சோதனை ரோலாக ஸ்கேன் செய்ய முடியுமா. மூன்றாவது முக்கியம். ஸ்கேனர் எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சத்துக்குச் சமன்செய்துவிட்டால் உங்கள் சோதனை மறைந்துபோகும். அதனால்தான் நெகட்டிவ் கைக்கு வந்தே ஆக வேண்டும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். இந்த ஊருக்கு வேண்டிய இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் இங்கே சொல்கிறோம். எச்.பி.5 பிளஸை நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் கழுவ 20 டிகிரியில் 7.5 நிமிஷம். மதுரையில் கோடைக்காலக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் அதே நேரம் கழுவினால் நெகட்டிவ் கறுத்துவிடும். ஒரு தொட்டியில் தண்ணீரும் ஐஸ் பாட்டிலும் போட்டு, கெமிக்கல் பாட்டில்களை அதில் நிற்க வைத்து 20-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யாவிட்டால் காய்ந்ததும் நெகட்டிவ் முழுக்க வெள்ளைத் திட்டு நிற்கும்.

ரோல் கழுவப் போயிருக்கும் நாட்களில்

தோல் உறை பார்க்க அழகு, பூஞ்சைக்கும் பிடித்த இடம். கேமராவை அதிலிருந்து எடுத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது மிக அவசியம். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது தெரியும், வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி உதவும். ஷட்டரை வைண்ட் செய்த நிலையில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் தளரும். மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் அமுக்கி விடுங்கள்.

நெகட்டிவைப் படிப்பது

போனில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் பிடித்துப் பாருங்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதிக வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெறுமை.

படங்கள் எதுவும் இல்லை, ஆனால் ஓரத்தில் பிலிம் பெயரும் எண்களும் பளிச்சென்று இருக்கின்றன என்றால் கழுவியது சரி. பிலிம் கேமராவில் நகரவேயில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்துகளே இல்லை என்றால் கழுவியதில்தான் தவறு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் லேப்காரரோடு வீண் சண்டை வராது.

ஓட்டைகளின் ஓரத்திலிருந்து கறுப்புப் பட்டை படத்துக்குள் பாய்ந்திருந்தால் பின்மூடி கசிகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்து ஃபோமைச் சரிசெய்யுங்கள். பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுகிறது, படத்தின் மேல்பக்கம் கேமராவில் கீழ்ப்பக்கம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் திரையில் ஓட்டை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வைண்ட் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. அதற்கு மெக்கானிக்தான் வேண்டும்.

மீட்டர் சோதனையின் நான்கு படங்களில், நிழல் பகுதியில் சேலையின் மடிப்போ தலைமுடியின் இழையோ முதலில் தெளிவாகத் தெரிவது எதில் என்று பாருங்கள். மீட்டர் சொன்ன படத்திலேயே தெரிந்தால் மீட்டர் சரி. ஒரு படி கூட்டியதில்தான் தெரிகிறது என்றால் அடுத்த ரோலுக்கு ஐ.எஸ்.ஓ. வட்டத்தை 200-க்குப் பதில் 100-இல் வையுங்கள். இரண்டு படி கூட்டியதில்தான் என்றால் 50-இல். வட்டத்தை எதில் வைத்தீர்கள் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவிட்டு, இரண்டாவது ரோலை ஏற்றுங்கள்.